தாழ்ந்த தளமும் அதன் செலவும்: 1973–78 ஜிஎம்சி மோட்டார்ஹோம் மதிப்புரை

ஐம்பது வயதை எட்டிய மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில்) இன்றும் துணிந்து வாங்கலாம் என்று சொல்லக்கூடியவை சிலதான். அவற்றில் முதலிடம் ஜிஎம்சிக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1973 முதல் 1978 வரை மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக் நகரில் கட்டிய வண்டி இது. மொத்தம் 13,000-க்குச் சற்றுக் குறைவாகவே வெளிவந்தது. உற்பத்தி நின்று இத்தனை ஆண்டு ஆன பிறகும், தேய்ந்துபோகும் பாகங்களில் பெரும்பாலானவை கிடைக்கின்றன. ஜிஎம்சி மோட்டார்ஹோம்ஸ் இன்டர்நேஷனல் போன்ற உரிமையாளர் சங்கங்களும், இந்த வண்டிக்கென்றே பாகம் செய்து விற்கும் சிறு கடைகளும் இருப்பதுதான் காரணம்.

அந்தக் காலத்து மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை யாரோ செய்த லாரி சேஸியை வாங்கி, அதன்மேல் பெட்டியைக் கட்டி விற்றன. ஜிஎம் சக்கரத்திலிருந்து கூரைவரை தானே வடிவமைத்தது. ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுத்தது. அதனால் வண்டியின் அடியில் நீளமான டிரைவ் ஷாஃப்ட் கிடையாது. பின்னால் குறுக்கே ஓடும் அச்சும் கிடையாது. பக்கத்துக்கு இரண்டாகப் பின்னால் நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றும் சேஸியோடு கீல் போட்ட தனிக் கையில் தொங்குகிறது. தளம் தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே. எடை கீழேயே இருப்பதால் பக்கக்காற்றிலும் வளைவிலும் இது நிற்கிற நிதானம் அதே காலத்து உயரமான பெட்டி வண்டிகளில் கிடையாது.

இந்த வண்டியின் நல்ல குணம் எல்லாம், முன்சக்கர இழுவையால் தளத்தைத் தாழ்த்திய அந்த ஒரே முடிவிலிருந்து வந்தது. பெரிய ரிப்பேர்களில் பலவும் வருவது அங்கிருந்தேதான். இது மனதில் இருந்தால், வாங்கும்போது எங்கே குனிந்து பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரியும். சோபாத் துணியும் புதுப் பெயின்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை.

முதலில் பெட்ரோல் ஹோஸ். விற்பவர் சாவியை நீட்டும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "டேங்க் மேல இருக்கிற ஹோஸ் எப்போ மாத்தினீங்க?" இரண்டு டேங்குகள் சேர்ந்து சுமார் 50 கேலன், அதாவது 190 லிட்டர் பிடிக்கும். இரண்டும் சேஸிக்குள் மேலே ஒட்டி உட்கார்ந்திருப்பதால், அவற்றின் தலையில் உள்ள ரப்பர் ஹோஸ்களை டேங்கை இறக்காமல் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. 1970-களின் ரப்பர், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே ஊறி, மேலே வெடித்து, தொட்டால் உதிரும். இந்த வண்டிகளில் தீப்பிடிப்பதற்கு முக்கியமான வழிகளில் இது ஒன்று. எஞ்சின் மூடி வண்டிக்குள்ளேயே, முன் இருக்கைகளுக்குப் பின்னால் தளத்தில் இருக்கிறது. கீழே பற்றினால் புகை நேரே ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். பெட்ரோல் வாசனை அடிக்கிற வண்டியைச் சோதனை ஓட்டத்துக்குக்கூட எடுக்கக் கூடாது.

மாற்றும் முறை கடினமல்ல, நேரம் பிடிக்கும். டேங்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, கியர்பாக்ஸ் ஜாக்கியால் டேங்கைத் தாங்கிக்கொண்டு பட்டைகளை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகிற குழாய், ஆவிக் குழாய், பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து வரும் பெரிய ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. சிறிய ஹோஸ்களில் எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது டேங்குக்கு வெளியே ஓடும் பகுதிக்கு. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10 வேண்டும், 30ஆர்9 வெளிப்புறத்திலிருந்தே கரைந்துவிடும். பற்கள் வெட்டிய சாதாரண கிளாம்ப் ரப்பரைக் கடிக்கும். உட்புறம் வழவழப்பான, ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கான கிளாம்ப் வாங்குங்கள். டேங்க் இறங்கியிருக்கும்போதே உள்ளே உறிஞ்சும் முனையிலுள்ள வலையையும் மீட்டருக்கான மிதவையையும் மாற்றாமல் மேலே ஏற்றினால், அதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும்.

வெயிலில் மேடு ஏறும்போது எஞ்சின் திணறி நின்றுபோவதும் இதே இடத்துக் கோளாறு. எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், அருகில் எக்ஸாஸ்ட் சூடு வேறு. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. டேங்குக்குப் பக்கத்தில் மின்பம்ப் வைத்துத் தள்ளிவிட்டால் இது தீரும். அந்தப் பம்புக்கு மின்சாரம் எண்ணெய் அழுத்த சுவிட்ச் வழியாகவே போகட்டும். விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நின்றாக வேண்டும்.

அடுத்து முன்சக்கர பேரிங். இழுவை, திருப்பம், எஞ்சின் பாரம், முன்பக்கத்து பிரேக் எல்லாம் காருக்காகப் பிறந்த ஒரு வடிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பழைய அமைப்பில் பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் ஏற்ற வழி இல்லை. ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுக்குடத்தை) கழற்றி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுத்துத்தான் புதிதாகக் கிரீஸ் போட முடியும். அதனால் பலர் போடாமலே ஓட்டிவிடுகிறார்கள். கிரீஸ் காய்ந்து பேரிங் சூடாகி இறுகினால் சக்கரம் ஹப்போடு கழன்று போகும் அளவுக்கு ஆபத்து.

சோதிக்க: முன்சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க்கையைத் தாங்கி முன்சக்கரத்தைத் தூக்கி, 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க மறுபடி ஆட்டிப் பாருங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில், நிற்காவிட்டால் கையையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டில். பிறகு அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, முடிந்தவரை பிரேக் போடாமல் நிறுத்தி, இரண்டு முன் ஹப்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க வேண்டும். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. கிரீஸ் நிப்பிள் வைத்து மாற்றியமைத்த நக்கிள் (பேரிங்கைத் தாங்கிச் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) உள்ள வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். செவ்ரோலே ஒரு டன் லாரியின் முன்பாகங்களைப் பொருத்திய வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஓர் எச்சரிக்கை: டிரைவ் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டக் கூடாது. பேரிங்கைச் சேர்த்துப் பிடிப்பது அந்த ஆக்ஸில் நட்டின் இறுக்கம்தான். உருட்டினால் நல்ல பேரிங்கும் கெடும். முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக முறுக்கி வைத்திருக்கும் தண்டான டார்ஷன் பாரின் இறுக்கத்தை அதற்கான கருவி இல்லாமல் அவிழ்க்க முயல்வதும் வேண்டாம், எலும்பை முறிக்கும் விசை அதில் இருக்கிறது.

பிரேக் விஷயத்தில் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் நான்கு டிரம். பின்னால் ஒவ்வொரு பக்கத்து இரண்டு கைகளும் நடுவிலுள்ள ஒரே பெட்டியில் கீல் போட்டிருக்கின்றன: ஒன்று முன்னோக்கி நீள்கிறது, மற்றது பின்னோக்கி. பிரேக் தகடு அந்தக் கையிலேயே பூட்டியிருப்பதால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலும் திசையிலேயே கையும் திரும்பப் பார்க்கிறது. நடுச் சக்கரம் தரையில் அழுந்துகிறது, கடைசிச் சக்கரம் மேலே எழப் பார்க்கிறது. பாரம் குறைந்த கடைசிச் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்கும். நல்ல ஷூ போட்டும் "பிரேக் பத்தலை" என்று இந்த வண்டியைப் பற்றிச் சொல்வதன் காரணம் இதுதான். பிரேக் திருப்புவிசையைக் கைக்குக் கொடுக்காமல் நேரே சேஸிக்குக் கொண்டுபோகும் எதிர்விசைத் தண்டுகளைப் பொருத்துவதே சரியான தீர்வு. பின்னால் டிஸ்க் மட்டும் மாற்றிவிட்டுத் தண்டு போடாமல் விடுவது பாதி வேலை. செலவுக்குக் கை இறுக்கமாக இருந்தால், வீல் சிலிண்டர், ரப்பர் பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் முழுதாகப் புதுப்பித்து டிரம்களைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

அந்தக் கைகளுக்கு நடுவில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கிறது, தொழிற்சாலை அமைப்பில் பக்கத்துக்கு ஒன்று. மாலையில் பின்பக்கத்து உயரத்தை டேப்பால் அளந்து வைத்து, மறுநாள் காலையில் மறுபடி அளந்தால் கசிவு தெரிந்துவிடும். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தடவினால் இடமும் தெரியும். பெரும்பாலும் பையைவிட வால்வும் குழாய் முனைகளும்தான் கசியும். பையிலேயே விரிசல் இருந்தால் மட்டும் பையை மாற்றுங்கள். எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கீல் ஊசிகளுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் ஊசி சுற்றும் புஷ் தேய்ந்து சக்கரம் சாயும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். காற்றை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. சேஸிக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

எஞ்சின் பற்றிப் பலர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 1977 நடுவரை 455 கன அங்குலம், அதாவது 7.5 லிட்டர். அதன் பிறகு 403, அதாவது 6.6 லிட்டர். 455 மேட்டில் எளிதாக இழுக்கும். 403-இல் முதன்மை பேரிங்குகளைத் தாங்கும் சுவர்கள் எடை குறைக்கத் திறந்து விடப்பட்டவை. சூடேறாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் நீடித்து உழைக்கும். உடம்பு நன்றாக இருக்கிற வண்டியை 403 என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். எதுவானாலும் லிட்டருக்கு 3.5 முதல் 4 கிலோமீட்டர்தான்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்வதைப் பார்க்க வேண்டும். நாம் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சூடான பிறகு ஐடிலில், எஞ்சினின் உறிஞ்சு விசையைக் காட்டும் வெற்றிட மானி 17 முதல் 21 அங்குல (பாதரச) அளவில் அசையாமல் நிற்க வேண்டும். முள் சீராகத் துடித்தால் வால்வில் பிரச்சினை. டைமிங் செயின் சுற்றும் அந்தக் காலத்து கேம் பல்சக்கரத்தின் பற்களில் நைலான் பூச்சு உண்டு. அது வயதாகி உடைந்து எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்து உறிஞ்சும் வலையை அடைக்கும். டைமிங் செயின் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டை டேப்பட் கேம் என்பதால் துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள எண்ணெய் தேவை. ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் மிதவை பெட்ரோல் குடித்துக் கனத்துப்போவதும், அடியில் துளைகளை மூடும் அடைப்பான்கள் கசிவதும் வழக்கம். சில நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் எடுக்கும் வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டர்போ ஹைட்ராமாடிக் 425 கியர்பாக்ஸ் பலமானது. எஞ்சினின் பின்னாலிருந்து அகலமான செயின் மூலம் பக்கவாட்டில் விசையை எடுத்து முன்னோக்கிக் கொண்டுபோகிறது. எண்ணெய் சிவப்பாக, கருகல் வாசனை இல்லாமல் இருந்தால் போதும். அதோடு பூட்டியிருக்கும் ஃபைனல் டிரைவுக்குத் தனி எண்ணெய், ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. அந்த மட்டத்தைப் பார்க்க மறந்த வண்டிகள் ஏராளம்.

டயரில் பூ (மேல்வரி) நன்றாக இருப்பது எதையும் காட்டாது. நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஏழு ஆண்டு தாண்டியிருந்தால் ஆறு டயரின் விலையையும் கழித்தே பேரம் பேசுங்கள். பழைய 16.5 அங்குல ரிம்முக்கு நல்ல டயர் கிடைப்பது அரிது. 16 அங்குல ரிம்முக்கு மாறி எல்டி225/75ஆர்16, லோட் ரேஞ்ச் ஈ டயர் போடுவதே இன்றைய வழக்கம்.

உடம்பு அலுமினியச் சட்டகம், மேலே அலுமினியத் தகடும் கண்ணாடியிழையும். மேல்கூடு துருப்பிடிக்காது, கீழே இருக்கிற இரும்புச் சேஸி துருப்பிடிக்கும். கீல் பெட்டி பூட்டியிருக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மொத்தென்று சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். தண்ணீர் புகும் வழிகள் கூரை ஏசியின் வாய், ஜன்னல் ரப்பர், மேல் ஓரத்து விளக்குகள். ஷூவைக் கழற்றிவிட்டு ஜன்னல்களுக்கு அடியிலும் கழிப்பறை ஓரத்திலும் குதிகாலால் அழுத்தினால் ஊறிய பிளைவுட் தெரிந்துவிடும்.

ஃபிரிட்ஜ், அடுப்பு, ஓனன் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் விலையில் குறைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. எரிவாயு இணைப்பை மட்டும் தகுதி பெற்றவரிடம் அழுத்தச் சோதனை செய்யாமல் திறக்க வேண்டாம்.

நீளம் 23 அடி, 26 அடி என இரண்டு. சக்கர இடைவெளி முறையே 140, 160 அங்குலம். இருவர் பயணத்துக்கு 23 போதும், நிறுத்தவும் திருப்பவும் சுலபம். விலை ஒன்றாக இருந்தால் 26 அடியே நல்ல பேரம், படுக்கையைத் தினமும் மடிக்க வேண்டாத அமைப்பு அதில்தான் கிடைக்கும். உள்ளலங்காரம் இல்லாத வெறுங்கூடாகவும் ஜிஎம் இதை டிரான்ஸ்மோடு என்ற பெயரில் மற்றவர்களுக்கு விற்றது. அப்படி வெளியில் முடிக்கப்பட்டவற்றில் மரவேலையின் தரம் வண்டிக்கு வண்டி மாறும், அடிப்பாகம் ஒன்றேதான்.

வாங்கியபின் வேலை செய்யும் வரிசையும் முக்கியம்: பெட்ரோல் ஹோஸ், பிரேக், முன் பேரிங், டயர், காற்றுப் பை, கூரைக் கசிவு. இந்த ஆறும் முடியும்வரை ஒரு திரைச்சீலைகூட மாற்ற வேண்டாம். ஓட்டுநர் இருக்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் தீக்கும் மின்தீக்கும் ஏற்ற 5 பவுண்டு உலர்தூள் தீயணைப்பானை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.