எந்த வெர்ஷன் கன்ட்ரோல்? தடயம் தேடுவதா, கருவியையே கேட்பதா

கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவிதான் வெர்ஷன் கன்ட்ரோல். ஒரு சோர்ஸ் கோப்புறை கிட்டில் இருக்கிறதா, சப்வெர்ஷனிலா, மெர்க்யூரியலிலா என்று ஸ்கிரிப்ட் தானாகக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. அந்தந்தக் கருவி விட்டுவைக்கும் தடயமான '.கிட்', '.எஸ்விஎன்' (சப்வெர்ஷன்), '.எச்ஜி' (மெர்க்யூரியல்) எங்காவது தென்படுகிறதா என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பார்க்கலாம். இல்லையென்றால் 'கிட் ரெவ்-பார்ஸ்', 'எஸ்விஎன் இன்ஃபோ', 'எச்ஜி ரூட்' என்று அந்தந்தக் கருவியிடமே கேட்கலாம்.

வேகம் என்றால் தடயம் தேடுவதுதான். டெர்மினல் பிராம்ப்ட் (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தெரியும் வரி) ஒவ்வொரு என்டருக்கும் ஓடுகிறது; பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்ட மெர்க்யூரியலை ஒவ்வொரு முறையும் எழுப்பினால் தாமதம் கண்ணுக்கே தெரியும். கருவியே நிறுவாத கணினியிலும் இந்த வழி வேலை செய்யும்.

ஆனால் நுணுக்கம் தெரியாமல் எழுதினால் காலை வாரிவிடும். '.கிட்' எப்போதும் கோப்புறை அல்ல. சப்மாட்யூலிலும் (ஒரு ரெப்போவுக்குள் வைத்த இன்னொரு ரெப்போ) கூடுதல் வொர்க்ட்ரீயிலும் (அதே ரெப்போவுக்கான இன்னொரு வேலைக் கோப்புறை) அது சாதாரணக் கோப்பு. ரெப்போ என்பது கருவி மாற்றங்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியம். திறந்தால் 'கிட்டிர்:' என்று தொடங்கி, உண்மையான இடத்தைக் காட்டும் ஒரு வரி இருக்கும். அதனால் 'கோப்புறையா' என்று சோதிக்காதீர்கள், 'இருக்கிறதா' என்று மட்டும் சோதியுங்கள். 2011இல் வந்த சப்வெர்ஷன் 1.7க்கு முன்பு ஒவ்வொரு உட்கோப்புறையிலும் '.எஸ்விஎன்' இருந்தது. அந்தக் காலத்துச் செக்அவுட்டில் (களஞ்சியத்திலிருந்து எடுத்த வேலைப் பிரதி) முதலில் கண்ணில் பட்டதையே ரூட் (எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோப்புறை) என்று எடுத்துக்கொண்டால் தவறு.

கருவியைக் கேட்டால் இந்தத் தலைவலி எல்லாம் அதன் பொறுப்பு. ரெப்போ இருக்கும் இடத்தைச் சொல்லும் 'கிட்_டிர்' என்ற சூழல் மாறியை வைத்திருந்தாலும் சரியாகச் சொல்லும். இதிலும் ஒரு பொறி உண்டு: 2022 முதல், கோப்புறையின் உரிமையாளர் வேறு பயனர் என்றால் கிட் பதில் சொல்ல மறுக்கிறது. கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) இது அடிக்கடி நடக்கும். ரெப்போ இல்லாதபோது வரும் அதே 128தான் எக்ஸிட் கோடாக (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்) வருகிறது. பிழைச் செய்தியைப் படிக்காத ஸ்கிரிப்ட் 'இது கிட் இல்லை' என்று முடிவுகட்டிவிடும்.

இரண்டு வழிக்கும் பொதுவான சிக்கல், ஒன்றுக்குள் ஒன்று. டாட்ஃபைல்களுக்காக (புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்புகள்) ஹோம் கோப்புறையையே கிட்டில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதற்குள் ஒரு சப்வெர்ஷன் செக்அவுட் இருந்தால், கிட்டை முதலில் கேட்கும் ஸ்கிரிப்ட் தயங்காமல் 'கிட்' என்றுதான் சொல்லும். எல்லாக் கருவிகளையும் கேட்டு, எந்த ரூட்டின் பாதை நீளமோ அதை எடுப்பதே முறை.

என் தேர்வு: பிராம்ப்ட்டுக்குத் தடயம் போதும், கமிட் செய்யும் (மாற்றத்தைப் பதிவுசெய்யும்), கோப்பை அழிக்கும் ஸ்கிரிப்ட்டுக்குக் கருவியைக் கேட்டே ஆக வேண்டும். ஜுஜுட்சு என்ற இன்னொரு வெர்ஷன் கன்ட்ரோல் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் '.ஜேஜே'வை முதலில் சோதியுங்கள், அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் ஒரு '.கிட்'டும் இருக்கும்.