பட்டனா, பேட்சா? மகளின் இதய ஓட்டையை எதைக்கொண்டு அடைத்தோம்

மகளுக்கு ஏழு வயதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்கச் சொன்னது. இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. டாக்டர்கள் இதை ஏ.எஸ்.டி. என்பார்கள். அதில் செகண்டம் வகை, அதாவது சுவரின் நடுப்பகுதியில் வருவது, 24 மி.மீ. வலப்பக்க அறைகள் பெரிதாகிவிட்டன. அடைத்தே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதைக்கொண்டு அடைப்பது, ரத்தக்குழாய் வழியே ஏற்றும் பட்டனா, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து தைக்கும் பேட்ச் என்ற ஒட்டுத்துண்டா என்பதில்தான் எங்களுக்கு இரண்டு வாரம் தூக்கம் போனது.

எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். பெரிய வைத்தியம் என்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போய்த்தான் பழக்கம். அங்கே முதலில் பார்த்த இதய மருத்துவர் பட்டன் வைக்கலாம் என்றார். சிலர் அதையே குடை என்பார்கள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து என் கையில் தந்தார். வெள்ளி நிறக் கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் குட்டையான இடுப்பு, உள்ளே வெள்ளைப் பாலியஸ்டர் துணி. அவர் வாங்கி இரண்டு பக்கமும் இழுத்ததும் அது ஒல்லியாக நீண்டு ஒரு மெல்லிய குழாய்க்குள் போய்விட்டது. தள்ளியபோது மறுமுனையில் முதல் தட்டு விரிந்தது, அப்புறம் இரண்டாவது. எத்தனை தடவை செய்தாலும் அதே வடிவம். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகமாம், தன் உருவத்தை மறக்காது. தொடை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. கத்தியே கிடையாது. சில மாதங்களில் அதன்மேல் இதயத்தின் உட்படலமே படர்ந்து மூடிவிடும்.

சரி, இதையே வைத்துவிடலாம் என்றுதான் நானும் வீட்டுக்கு வந்தேன். மாமியும் அதையேதான் சொன்னார்: "பொம்பளப் பிள்ளை நெஞ்சில கத்தி வைக்கவா மக்ளே?"

தழும்பு, ஆஸ்பத்திரி நாட்கள், வலி ஆகிய மூன்றிலும் பட்டன்தான் மேல். பட்டன் என்றால் இரண்டு மூன்று நாளில் வீடு. ஆபரேஷன் என்றால் ஒரு வாரம், நெஞ்செலும்பு கூடும்வரை பிள்ளையைத் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. செலவுக்கு இந்தப் பக்கம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அந்தப் பக்கம் கேரளத்தில் பிறவி இதயக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கென்று 2017 முதல் ஹிருதயம் திட்டம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த அட்டை செல்லும் என்பதை மட்டும் போகும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனதை மாற்றியது பின்னால் வரும் பராமரிப்பு. எங்கள் தெருவில் ஒரு பெரியப்பாவுக்கு இதயத்தில் சித்ரா என்ற செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். 1990 டிசம்பரில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய நம் நாட்டு வால்வு அது. இத்தனை வருடத்தில் அது ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, அது சரியான அளவில் இருக்கிறதா என்று தவறாமல் ரத்தப் பரிசோதனை. பட்டனுக்கு அப்படி ஆயுள் முழுக்க மாத்திரை இல்லை, வழக்கமாக ஆறு மாதம் ஆஸ்பிரின் போதும். ஆனாலும் அவரைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பொருளை வைத்தாலும் அது கேட்கும் கவனிப்பு எவ்வளவு என்று முதலில் விசாரிக்கும் புத்தி எனக்கு வந்திருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த அறுவை நிபுணரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் எக்கோ படத்தில் விரல் வைத்துக் காட்டினார். சட்டைப் பட்டன் நிற்க ஓட்டையைச் சுற்றிலும் துணி வேண்டும் அல்லவா, அதுபோல இங்கேயும் ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும், பொதுவாக 5 மி.மீ. ஆவது இருந்தால் நல்லது. என் மகளுக்கு மற்ற பக்கங்களில் விளிம்பு இருந்தது, மகாதமனியை, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை, ஒட்டிய பக்கத்தில் கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பக்கம் விளிம்பு குறைவாக இருப்பது நிறையப் பேருக்கு உள்ளதுதான், அவர்களுக்கும் பட்டன் வைக்கிறார்கள், பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். இதை அவரே சொன்னார். அப்புறம் கணக்குப் போட்டார். ஆம்ப்ளாட்சர் என்ற வகைப் பட்டனில் இடுப்பு 24 மி.மீ. என்றால் இடப்பக்கத் தட்டு 38 மி.மீ. வரும். என் மகளின் சுவர் முழு நீளமே 42 தான். ஏழு வயதுப் பிள்ளையின் இதயத்தில் அந்தத் தட்டின் ஓரம் மகாதமனியில் போய்ச் சாயும்.

அப்படிச் சாய்ந்த உலோகம், துடிப்புக்குத் துடிப்பு உரசி, இதயச் சுவரையோ தமனியையோ அரித்துவிடுவது உண்டு. மிக அரிது, ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும், வருடங்கள் கழித்து வந்ததும் உண்டு. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. அதனால்தான் வைத்த மறுநாள் எக்கோ, ஒரு வாரத்தில் எக்கோ, ஆறாம் மாதம், ஒரு வருடம், அதற்குப் பிறகு வருடா வருடம் டாக்டரிடம் காட்டுவது என்று அட்டவணை போடுகிறார்கள். பிள்ளை நாளைக்குக் கல்யாணமாகி எங்கே இருப்பாளோ, நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் எங்கே ஓடுவது என்று யோசித்தேன். ஆயிரத்தில் ஒன்று என்பது டாக்டருக்குச் சின்ன எண். அதை வருடா வருடம் நெஞ்சில் சுமக்கப் போகிறவள் நான். இன்னொன்றும் சொன்னார்: ஐம்பது வயதில் அவளுக்கு இடது மேலறையில் ஏதாவது கோளாறு வந்து, கம்பி வழியே போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அந்தச் சுவரைத் துளைத்துத்தான் போகவேண்டும். அங்கே உலோகத் தட்டு இருந்தால் முடியாது என்றில்லை, சிரமம் கூடும்.

ஆபரேஷனிலும் எதை வைத்துத் தைப்பது என்று ஒரு தேர்வு இருக்கிறது. டேக்ரான் துணி, கோர்டெக்ஸ் என்ற செயற்கைத் தாள், பதப்படுத்திய மாட்டு இதய உறை எல்லாம் பெட்டியில் தயாராக வரும். எங்கள் நிபுணர் பிள்ளையின் சொந்த இதய உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் பேட்சாக வைப்பதாகச் சொன்னார். பால் ஆடை மாதிரி மெல்லிய சவ்வு, அப்படியே வைத்தால் சுருண்டு கையில் நிற்காது. குளூட்டரால்டிஹைடு கரைசலில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் விறைத்துத் தைக்க வாகாக ஆகிவிடும். தோல் பதனிடும் வேலையிலும் இதே மருந்து உண்டு. இப்படிப் பதப்படுத்தியது நாளடைவில் சுண்ணாம்பு படிந்து இறுகலாம் என்பது உண்மை. மேலறைகளில் அழுத்தம் குறைவு, அங்கே இது பெரிதாகப் படுத்தாது என்றார். உள்ளே இருக்கப்போவது அவளுடைய சவ்வும் கொஞ்சம் தையல் நூலும் மட்டும் என்று கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதி பயம், ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தை நிறுத்திவிட்டு அதன் வேலையை இயந்திரத்தில் நடத்துவதைப் பற்றி. 1953 மே 6-இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றியாகச் செய்த முதல் ஆபரேஷனே இதே ஓட்டைதான், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, என்று வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். அதற்கு மறுநாள் சம்மதம் சொன்னோம்.

ஆபரேஷன் சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. உறையைத் திறந்தவர்களுக்கு இது வருவது உண்டாம். மருந்திலேயே வடிந்தது, ஆனால் அந்தப் பத்து நாட்களில் எடுத்த முடிவைப் பற்றி எனக்கே தடுமாற்றம் வந்தது. மேலறையில் வெட்டித் தைத்த தழும்பால் பல வருடம் கழித்துத் துடிப்புக் கோளாறு வரலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கமும் டாக்டரை மறந்துவிட முடியாது. நான் பார்த்தது நான்கு வருடம்தான். இப்போது வலப்பக்க அறைகள் சுருங்கி வயதுக்கேற்ற அளவுக்கு வந்துவிட்டன. பேட்ச் எங்கே என்று எக்கோ எடுத்த பெண்ணே தேடித்தான் காட்டினார். உரசுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஆபரேஷனுக்குப் போய்விட வேண்டாம். பாறசாலையில் இருக்கும் நாத்தனார் மகனுக்கும் இதே ஓட்டை வந்தது, 11 மி.மீ., சுவரின் நடுவில், நாலு பக்கமும் நல்ல விளிம்பு. ரிப்போர்ட்டில் விளிம்பின் அளவுகளைத்தான் முதலில் பார்த்தேன். பட்டனே வைத்துவிடு என்று அவளிடம் சொன்னதும் நான்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். பட்டனின் பெயரும் அளவும் போட்டு ஒரு அட்டை கொடுப்பார்கள், அதை ஆதாரோடு சேர்த்து லேமினேட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.