மூணு நிமிஷத்துக்கு நூறு சுற்று

ரெக்கார்டு பிளேயர் வாங்கலாமா, உன்னுடையது எப்படி என்று நண்பன் கேட்டிருக்கிறான். என்னுடையது பெல்ட் டிரைவ், அதாவது மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் இசைத்தட்டைச் சுழற்றும் வகை; நாலு வருஷமாக ஓடுகிறது. நேற்றுதான் பெல்ட் மாற்றினேன், அதுவும் ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை. கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு இரண்டு இசைத்தட்டு கொண்டுவர வேண்டும். சத்தத்தில் குறையே சொல்ல முடியாது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி அடி நெஞ்சில் விழும்.

போன மாதம் மாடி வீட்டு மாமி, எம்.எஸ். சுப்ரபாதத்தோடு வந்தார். 1963இல் வெளிவந்தது. தட்டை முந்தானையால் துடைக்கப் போனவரைத் தடுத்து வாங்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சாயங்காலம் ஆறரை மணிக்கு சுப்ரபாதமா என்று சிரித்துக்கொண்டே வைத்தேன். நாலு வரி போயிருக்காது, மாமி கேட்டார்:

"என்னடா இது, பெருமாள் எழுந்துக்கறதுக்குள்ள பாடறவாளே தூங்கிடுவா போலருக்கே!"

சினிமாப் பாட்டு மெதுவாக ஓடினால் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த காதை ஏமாற்ற முடியுமா?

லேபிளில் துண்டுக் காகிதம் ஒட்டி எண்ணினேன். 33⅓ ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்றால் மூணு நிமிஷத்துக்கு 100 சுற்று வர வேண்டும். வந்தது 97. சுருதி கால் கட்டை இறக்கம்! ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில், "எல்லா மாடலுக்கும் இதுதான் சார்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். தடிமனான பெல்ட். தடிமன் கூடினால், பெல்ட்டை இழுக்கும் மோட்டார் சக்கரமான புல்லி பெரிதான மாதிரிதான், வேகமும் கூடும். எண்ணினால் 102. எம்.எஸ். கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்.

நேற்று பழைய பெல்ட்டையே எடுத்துப் போய், அகலமும் தடிமனும் ஒத்துப் பார்த்து, நீளம் மட்டும் கொஞ்சம் குறைவாக வாங்கி வந்தேன். 100. ஆனாலும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு திருகு வைத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. இந்த விலை கொடுத்து வாங்கியதில் அது கூட இல்லை என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ராத்திரி சோதனைக்காக அதே தட்டைப் போட்டேன். மாடியிலிருந்து குரல்: "எழுந்துண்டார்டா!"

ஆகவே, வாங்காதே. சனிக்கிழமை இங்கே வா. தட்டு இரண்டு, மறக்காதே.