அழிந்த மெயிலை மீட்க எது தேவலை: லேசி எக்ஸ்பஞ்சா, ஸ்னாப்ஷாட்டா, ராத்திரி பேக்கப்பா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ், மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட், ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று சேமிக்கும் மெயில்டிர். நாற்பது பேர் வரை பயன்படுத்துகிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார்.

"தம்பி, பையர் மெயிலெல்லாம் காணோமுங்க. ட்ராஷ்லயும் இல்லீங்க."

"எப்பங்க்கா அழிச்சீங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெட்டி நிறைஞ்சிருச்சுன்னு சொல்லுச்சு, அதான் கொஞ்சம் குறைக்கலாம்னு..."

தண்டர்பேர்டில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட்டை அழுத்தியிருக்கிறார். ஷிஃப்ட் சேர்ந்துவிட்டால் ட்ராஷில் நிற்காமல் நேராகப் போய்விடும். அன்றைக்கு என் கையில் இருந்தது ராத்திரி 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஒன்றுதான், போர்க் என்ற மென்பொருள் எடுப்பது. வெள்ளிக்கிழமை அதிகாலை வரைக்கும் இருந்தது எல்லாம் திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை பகலில் வந்து, சாயங்காலம் அழிந்த மெயில் ஒன்றுகூட அதில் இல்லை. பையரிடம் "இன்னொரு தடவை அனுப்புங்கள்" என்று கேட்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் மற்ற வழிகளையும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்று. மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையில் அழிப்பது இரண்டு படி. "அழிக்கப்பட்டது" என்று மெயில் மேல் ஒரு கொடி விழும். பிறகு எக்ஸ்பஞ்ச் நடக்கும்போதுதான் உண்மையிலேயே போகும். கொடி மட்டும் விழுந்திருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும், அதன் பெயரின் வாலில் டி (T) என்ற எழுத்து மட்டும் கூடியிருக்கும். டவ்காட்டை நிர்வகிக்கும் டவ்அட்ம் கட்டளையால் கொடியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பேக்கப்பைத் தோண்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்பஞ்ச் நடந்துவிட்டால்தான் போட்டியே ஆரம்பம்.

டவ்காட்டோடு வரும் லேசி எக்ஸ்பஞ்ச் ப்ளகின், அழிகிற மெயிலை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். நான் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பஞ்ச்டு. காலையில் 10.20க்கு வந்து 10.22க்கு அழிந்த மெயிலும் அதில் இருக்கும். இந்த விஷயத்தில் ஸ்னாப்ஷாட்டோ பேக்கப்போ கிட்டேகூட வர முடியாது. அதே ஃபோல்டரில் ஆட்டோ எக்ஸ்பஞ்சை 30 நாள் என்று வைத்தால் பழையது தானாகக் கழியும். கணக்கு ஓடுவது அந்த ஃபோல்டருக்குள் வந்த நாளிலிருந்து. ஐந்து வருஷத்துப் பழைய மெயிலை இன்று அழித்தாலும் முப்பது நாள் தவணை உண்டு.

ஆனால் மாட்டிய இடங்களும் இதில்தான் அதிகம். முதல் வாரமே அதே அக்கா: "அழிச்சுட்டே இருக்கேன் தம்பி, பெட்டி குறையவே மாட்டேங்குதுங்க." எக்ஸ்பஞ்ச்டு ஃபோல்டரும் கோட்டாவில், அதாவது பெட்டிக்கான இட வரம்பில், சேர்ந்துகொண்டிருந்தது. அதைக் கணக்கில் எடுக்காதே என்று கோட்டா விதியில் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்தது, ஒரு மெயிலை இன்பாக்ஸிலிருந்து வேறு ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாலும் இன்பாக்ஸைப் பொறுத்தவரை அது எக்ஸ்பஞ்ச்தான். அதனால் ஒழுங்காக அடுக்கி வைக்கிற மனிதர்களின் எக்ஸ்பஞ்ச்டு ஃபோல்டர்தான் குப்பைத்தொட்டியாக வழிந்தது. கடைசிப் பிரதி அழியும்போது மட்டும் நகர்த்து என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் அடங்கியது. இன்னொன்று, 2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4இல் கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. பழைய வரிகளை ஒட்டினால் சர்வர் எழுந்திருக்காது.

இதன் பெரிய ஓட்டை, டவ்காட் வழியாக நடக்கும் அழிப்பு மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும் என்பது. பழைய லாக்கைக் கழிக்க நான் எழுதிய க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வரி ஒன்றில் பாதை தப்பாகப் போய், ஒருவருடைய மெயில்டிருக்குள் புகுந்து துடைத்துவிட்டது. லேசி எக்ஸ்பஞ்சுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அன்றைக்குக் காப்பாற்றியது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் உறைந்த பிரதி. மெயிலுக்குத் தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் தனியாகப் பிரித்த பகுதி), சனாய்டு என்ற கருவி வைத்து மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், 48 மணி நேரத்துக்கு. எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. டேட்டாசெட்டின் உச்சியில் ஒளிந்திருக்கும் புள்ளி இசட்எஃப்எஸ் (.zfs) டைரக்டரிக்குள் போனால் ஒன்பது மணி மெயில்பெட்டி அப்படியே படிக்கக் கிடைக்கும். பட்டியலில் அந்த டைரக்டரி தெரியாது, பெயரைச் சொல்லி உள்ளே போனால் திறக்கும். குறை என்னவென்றால் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவில் வந்து நடுவிலேயே அழிந்ததற்குத் தடயமே இருக்காது. தவிர அது அதே டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்து போகும்.

மீட்டதைத் திருப்பி வைக்கிற முறையிலும் ஒரு சிக்கல் உண்டு, பேக்கப்புக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொது. மெயில்டிரில் ஒரு மெயிலின் நிலை அதன் கோப்புப் பெயரிலேயே இருக்கிறது: படித்தால் வாலில் எஸ், பதில் போட்டால் ஆர். நேற்று எஸ் மட்டும் இருந்த கோப்பு இன்று ஆர்எஸ் ஆகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடித்தால் இரண்டும் வெவ்வேறு கோப்பு என்றாகி, அழியாமல் இருந்த மெயிலும் இரட்டிப்பாகும். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அக்காவுக்குப் பாதி மெயில் ஜோடி ஜோடியாக வந்து நின்றது. இப்போது டவ்அட்ம் இம்போர்ட் கட்டளையால் "மீட்டது" என்று தனி ஃபோல்டரில் இறக்கிக் கொடுத்துவிடுகிறேன். வேண்டியதை அவரே இழுத்துக்கொள்வார்.

பேக்கப்பை ஒதுக்கிவிட முடியாது. மூன்று மாதத்துக்கு முன் அழிந்ததை இன்று தேடுகிறவருக்கும், சர்வரையே பூட்டிவிடும் ரான்சம்வேருக்கும் வேறு மெஷினில் இருக்கும் போர்க்கோ, அதே மாதிரி பேக்கப் மென்பொருளான ரெஸ்டிக்கோதான் பதில். இரண்டையும் மவுண்ட் செய்து சாதாரண டைரக்டரி போலத் தேடலாம். ஆனால் "காலையில் அழித்துவிட்டேன்" என்று வருகிற போனுக்கு அது உதவாது. எனக்கு வருவதில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். அதனால் ஒரு சாயங்காலம்தான் நேரம் இருக்கிறது, பேக்கப் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் முதலில் லேசி எக்ஸ்பஞ்சைப் போடச் சொல்வேன், ஸ்னாப்ஷாட் அடுத்த வாரம்.

போஸ்ட்ஃபிக்ஸில் எல்லா மெயிலுக்கும் ஒரு பிரதி எடுக்கும் ஆல்வேஸ் பிசிசி அமைப்பை வைத்து வருவது போவது அனைத்தையும் ஒரே பெட்டியில் சேர்க்கிறவர்களும் உண்டு. எதுவும் தப்பாது, உண்மை. ஃபோல்டர் அடுக்கு, படித்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. எல்லோருடைய சம்பளக் கடிதமும் புகாரும் என் கைக்கெட்டும் பெட்டியில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு சர்வரில் உடனுக்குடன் அதே பிரதி இருக்கும்படி ரெப்ளிகேஷன் வைத்திருந்தால், அழித்ததும் அங்கேயும் போய் அழியும். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 உள்ள டிஸ்கில், அழிந்த கோப்பைத் தோண்டும் எக்ஸ்ட்அன்டெலீட் கருவியை ஓட்டலாம் என்பார்கள். அதற்கு டிஸ்கை அன்மவுண்ட் செய்ய வேண்டும், எஸ்எஸ்டியில் காலி இடத்தைத் துடைக்கும் வாராந்திர ட்ரிம் ஓடியிருந்தால் தோண்ட ஒன்றும் இருக்காது. மெயில்டிருக்குப் பதிலாக, பல மெயிலை ஒரே கோப்பில் சேர்க்கும் எம்டிபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் அவகாசம் உண்டு. பர்ஜ் என்ற துப்புரவு வேலை ஓடும் வரை அழிந்த மெயில் கோப்புக்குள்தான் இருக்கிறது, ஆகவே முதல் வேலையாக பர்ஜ் க்ரானை நிறுத்துங்கள்.

இவை ஒன்றுமே இல்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பது, அழித்த நேரத்திலிருந்து திறக்காமல் கிடக்கும் லேப்டாப். அதே கணக்கு ஐமேப்பில், ஆஃப்லைன் சேமிப்போடு தண்டர்பேர்டில் இருந்தால் மெயில் அதற்குள் இருக்கும். நெட் கிடைத்த அடுத்த நொடி சர்வரைப் பார்த்து அதுவும் துடைத்துவிடும். அதனால் வைஃபை ரவுட்டரை அணைத்துவிட்டு, லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டு, அப்புறம் மூடியைத் திறங்கள்.