கூடாரத்துக்கு "வாட்டர்புரூஃப் கோட்டிங்" போடக் கொடுக்கும் முன்

பழைய கூடாரத்துக்கு மறுபடியும் நீர்க்காப்புப் பூச்சு போட்டுத் தருவதாக யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். சென்னையில் பயணப்பை, மழைக்கோட்டு, கூடாரம் போன்றவற்றைப் பழுதுபார்த்துத் தரும் ஒரு கடையில் 2024 ஆகஸ்டில் 3,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

கூடாரம் 2019-இல் வாங்கியது. நான்கு பேர் படுக்கக்கூடியது. உள்ளே வலைத்துணிக் கூடு, அதற்கு மேல் தனியாகப் போர்த்தும் பாலியெஸ்டர் மேல்விரிப்பு. மேல்விரிப்பின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருந்தது, 3000 மி.மீ. என்று சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் வரும் அழுத்தத்தையும் அது தாங்கும் என்பது அந்த எண்ணின் பொருள். ஆனால் அந்த எண் புதுத் துணிக்கு உரியது; ஐந்து ஆண்டு கழித்தும் அதே எண் செல்லும் என்று யாரும் உறுதி தரவில்லை என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

இதில் என் பிழையும் இருக்கிறது. அதை மறைத்தால் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கடைசியாகப் போன பயணத்தில் மழையில் நனைந்த கூடாரத்தைச் சரியாக உலர்த்தாமல் சுருட்டி, அதன் பைக்குள் திணித்துப் பரணில் போட்டுவிட்டேன். பிறகு ஊரடங்கு வந்தது, அது அங்கேயே கிடந்தது. கான்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கும் சென்னைப் பரண் கத்திரி வெயிலில் எப்படிக் கொதிக்கும், ஐப்பசி கார்த்திகையில் எப்படிப் பூசணம் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். 2024 ஜூலையில் பையைத் திறந்தபோது மேல்விரிப்பு கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, புளித்த வாந்தி போல நாறியது, தையல்களின் மேல் ஒட்டியிருந்த நாடா பாம்புச் சட்டை போல உரிந்து தொங்கியது. பூச்சு செத்துவிட்டது என்பதற்கு இவை மூன்றுமே தெளிவான அறிகுறிகள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் தூக்கிப் போனேன்.

கடைக்காரர் மேல்விரிப்பின் ஒரு மூலையை மட்டும் இழுத்துப் பார்த்தார். உட்புறத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபாக்டரி கோட்டிங்கே போட்டுடலாம் சார், அஞ்சு வருஷத்துக்கு ஒரு சொட்டு இறங்காது" என்றார். என்ன பூச்சு என்று கேட்டதற்கு "இம்போர்ட்டட்" என்று பதில் வந்தது. அதற்குமேல் நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனபோது மேல்விரிப்பின் வெளிப்புறத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டோடியது. அந்த அழகில் மயங்கி, ஜிபேயில் பணத்தை அனுப்பி, ரசீது கேட்டேன். "டென்ட் வாட்டர்புரூஃப் வேலை, பணம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கியதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

செப்டம்பரில் மனைவி, மகள், மைத்துனர் ஆகியோருடன் ஏலகிரிக்குப் போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, தெரிந்தவர் ஒருவருடைய நிலத்தில் மாலை வெளிச்சத்திலேயே கூடாரத்தைப் போட்டோம். போட்ட முறையை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறது. சற்று மேடான இடமாகப் பார்த்தோம். தரைவிரிப்பு கூடாரத்தின் அடித்தளத்தை விட வெளியே நீட்டாதபடி நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிட்டோம், நீட்டியிருந்தால் மேல்விரிப்பிலிருந்து வழியும் நீரை அது ஏந்தி அடியில் கொண்டுபோய்த் தேக்கும். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்தோம். மேல்விரிப்பு உள்கூட்டைத் தொடாத அளவுக்கு இழுகயிறுகளை இறுக்கினோம். காற்றுப் போக மேலே இருக்கும் திறப்புகளையும் மூடவில்லை.

இரவு எட்டரை மணிக்கு இடியோடு மழை பிடித்தது. கால் மணி நேரத்துக்குள் மகள், "அப்பா, உள்ளயும் தூறுது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் மேல்விரிப்பின் நடுத்தையல் நெடுகிலும் வரிசையாகச் சொட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் தையல் இல்லாத இடங்களிலும் துணி கசிந்து வலைத்துணி வழியாக எங்கள் மேல் விழத் தொடங்கியது. பத்து மணிக்குப் படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தோம். நான்கு பேர், நனைந்த துணிகள், மூடிய கண்ணாடிகள். இதற்கு மழையிலேயே நின்றிருக்கலாம் என்றாள் மனைவி.

இது மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்த நீர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப் படிவது பெரும்பாலும் பின்னிரவில், குளிர்ந்த துணியின் உட்புறம் முழுவதும் பனிப்படலம் போலப் பரவும். மழை தொடங்கிய கால் மணி நேரத்தில் தையல் கோடு பிடித்துச் சொட்டாது.

சென்னை திரும்பியதும் மேல்விரிப்பை மொட்டைமாடியில் விரித்து, முதல் முறையாக உட்புறத்தைப் பார்த்தேன். பழைய நாடாவைப் பிய்த்துவிட்டு, குளியலறைத் தொட்டி ஓரங்களில் பூசும் சிலிக்கோன் பசையைப் போன்ற ஒன்றைத் தையல் மேல் இழுத்திருந்தார்கள். நகத்தால் நெம்பியதும் ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. வராமல் என்ன செய்யும்? பாலியூரித்தேன் பூசிய துணியில் சிலிக்கோன் பசை பிடிக்காது. சிலிக்கோன் பூசிய துணியில் பாலியூரித்தேன் பசை பிடிக்காது. இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது. அதற்கும் கீழே, பிசுபிசுத்த பழைய பூச்சு அப்படியே இருந்தது. வெளிப்புறத்தில் மட்டும் நீர் ஒட்டாத ஸ்பிரே ஒன்றை அடித்திருக்கிறார்கள். டம்ளர் தண்ணீர் முத்தாக உருண்டது அதனால்தான். அந்த ஸ்பிரே துணியின் மேற்பரப்பு நீரை உறிஞ்சிக் கனக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடைமழையின் அழுத்தத்தில் நீரை நிறுத்துவது உட்புறப் பூச்சு. அது போய்விட்டால், மேலே எதை அடித்தாலும் ஓட்டைப் பானைக்குக் கோலம் போட்டது மாதிரிதான்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில், "டென்ட்டைப் போட்ட விதம் தப்பு சார்" என்றார். போட்ட விதத்தைப் படத்தோடு காட்டினேன். "மலை மழைக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார், இது சாதா மழைக்கு" என்றார். உரிந்து வந்த சிலிக்கோன் பட்டையை மேசை மேல் வைத்தேன். "கொடுங்க, ஃப்ரீயா இன்னொரு கோட் அடிச்சுத் தர்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பூச்சு முழுவதும் சிதைந்துபோன மேல்விரிப்பைக் காப்பாற்ற முடியாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நேர்மையான ஒருவர் முதல் நாளே அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பியிருப்பார். பழுதுபார்க்க இயலாத பொருளுக்குப் பழுதுபார்ப்புக் கூலி வாங்கியதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். வேலை மோசமாக இருந்தது அதற்கு அடுத்தபடி.

ஆகவே, கொடுப்பதற்கு முன் நீங்களே உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் நாற்றமும் இல்லாமல் நாடா மட்டும் அங்கங்கே விட்டிருந்தால், அது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை: விட்ட நாடாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, துணியின் பூச்சுக்குப் பொருந்தும் தையல் பசையை மெல்லிதாகப் பூசி, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், எந்தப் பூச்சு, துணியின் எந்தப் பக்கத்தில், பழைய பூச்சை என்ன செய்வீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தை மொட்டைமாடிச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். டம்ளர் தண்ணீர் போதாது, கூடாரத்தை நிறுத்தி, தோட்டக் குழாயால் அரை மணி நேரமாவது மேலிருந்து விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து தையல்களைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பதவி மகளுக்கு.

புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். துண்டுச்சீட்டு, ஜிபே விவரம், படங்கள் ஆகியவற்றின் நகலோடு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். கடிதம் சேர்ந்த மூன்றாம் நாள் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, பூச்சு மருந்துக்கு ஆன செலவைக் கழித்துக்கொண்டு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். முழுத் தொகையையும் கேட்டிருக்கிறேன். அதுவரை மேல்விரிப்பு, சான்றாக, பிளாஸ்டிக் பையில் கட்டி அதே பரணில் இருக்கிறது. நாற்றம் பொறுக்காமல் மனைவி வாரம் ஒரு முறை புகாரின் நிலவரம் கேட்கிறாள்.