தாய்லாந்து சாப்பாடு: டேபிளா, பார்சலா?

பழகின தாய்லாந்து உணவகத்துக்கு மறுபடி போகும்போது, உட்கார்ந்து சாப்பிடுவதா பார்சலா என்பதை நீங்கள் சொல்லும் ஐட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாட் தாய் என்ற வறுத்த நூடுல்ஸுக்கு டேபிள்தான். அரிசி நூடுல்ஸ் ஆறியதும் அதன் மாவுச்சத்து இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூடிய டப்பாவின் ஆவியில் பயறுமுளை துவண்டுவிடும். தி.நகர் நெரிசலில் அரை மணி நேரம் மாட்டினால் போதும், கட்டிதான். வாங்கியே ஆக வேண்டுமென்றால் வேர்க்கடலை, முளை, எலுமிச்சையைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் 2 ஸ்பூன் தண்ணீர் தெளித்து வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் பிரிந்து வரும். பப்பாளிக்காய் சாலட்டான சோம் தம் இன்னும் மோசம்: மீன் சாஸின் உப்பு காயிலுள்ள நீரை இழுத்து, மொறுமொறுப்பே போய்விடும். அதைப் பார்சல் வாங்கவே வேண்டாம்.

தேங்காய்ப்பால் குழம்பான மசாமன் கறி நேரெதிர். உருளைக்கிழங்கில் மசாலா ஊற ஊற ருசி ஏறும், பார்சலே மேல். சிறு தீயில் சூடாக்குங்கள், தளதளவென்று கொதித்தால் தேங்காய்ப்பால் திரியும். சென்னை வெக்கையில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் நேரில் போவதே நல்லது. கறிக்கான மசாலா விழுதிலேயே பெரும்பாலும் இறால் விழுது சேர்ந்திருக்கும். சமையலறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.