ஆண்டுக்கு முக்கால் மணி நேரத்துக்காக ஒரு செட் டயர்: மியாட்டாவில் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ்

என்னிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் எல்லோரும் மியாட்டா என்றே அழைக்கும் இரண்டு இருக்கைக் கார். வாரநாள்களில் அது கராஜில் உறை போர்த்தி உறங்கும். சனிக்கிழமை விடியற்காலையில் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைமீது ஏறும் 9-ஆம் எண் சாலையிலும், மேலே முகட்டை ஒட்டிச் செல்லும் ஸ்கைலைன் புலவார்டிலும் இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். ஆண்டுக்கு ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோகிராஸ். இரண்டுக்கும் ஒரே செட் ரிம், ஒரே செட் டயர் என்பது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. இரண்டாவது செட்டை வைக்க கராஜில் இடமில்லை. இருந்தாலும் வீட்டில் அனுமதி கிடைக்காது.

ஆட்டோகிராஸ் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: விசாலமான வாகன நிறுத்தத்திலோ கைவிடப்பட்ட விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்த பாதை அமைப்பார்கள். கார்கள் சிறிது இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம்; பாதையைத் தவறவிட்டால் அந்த ரன் கணக்கில் வராது. ஒரு ரன் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து ரன் கிடைத்தால் நல்ல நாள். அதாவது ஆண்டு முழுவதையும் கூட்டினாலும் நான் கோன்களுக்கு நடுவே செலவிடும் நேரம் முக்கால் மணியைத் தாண்டாது. மலைச்சாலையில் செலவிடும் நேரமோ எண்பது மணிக்கு மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் சாலைக்கான நல்ல கோடைக்கால டயரை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் இரண்டு ஆண்டுகள் கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 போட்டிருந்தேன். மழையிலும் வெயிலிலும் அதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் மலைச்சாலையில் அதன் பிடிப்பின் எல்லையை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. சிக்கல் அங்குதான். ஆட்டோகிராசில் அதே டயர் முதல் வளைவிலேயே தன் எல்லையைக் காட்டிவிட்டது. ஏறத்தாழ 1,060 கிலோ எடையே உள்ள கார், ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. என் பிரிவில் ஓடியவர்கள் எல்லோரும் வேறு வகை டயரில் இருந்ததால், என் தவறு எங்கே முடிகிறது, டயரின் குறை எங்கே தொடங்குகிறது என்பதே எனக்குப் புரியவில்லை.

அந்த வேறு வகையை இங்கே ‘200 டயர்’ என்பார்கள். அமெரிக்க ஆட்டோகிராசை நடத்தும் பெரிய அமைப்பான எஸ்சிசிஏ, தன் ஸ்ட்ரீட் பிரிவுக் கார்களுக்கு ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் குறிக்கும் எண்; கூடுதலானால் அதிக நாள் உழைக்கும்) 200-க்குக் குறையாத டயர் வேண்டும் என்று விதித்திருக்கிறது. பந்தயத்துக்கென்றே செய்த மென்மையான டயர்களை விலக்கி வைப்பதே நோக்கம். ஆனால் அந்த எண்ணை அளவுகோலாக நம்பிக் கடைக்குப் போவது வீண். டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ அருகே, 100 என்று மதிப்பிடப்பட்ட ஒப்பீட்டு டயரோடு 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள் என்பது உண்மைதான். எனினும் டயரின் பக்கச்சுவரில் அச்சாகும் எண்ணை முடிவு செய்பவர் அதைத் தயாரிப்பவரே. ஆகவே 200 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு டயர்களில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு உழைக்கலாம். ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4, யோகோஹாமா அட்வான் ஏ052 இரண்டும் 200-தான். குணத்தில் எலியும் பூனையும்.

ஆர்எஸ்4 நீண்ட நேரம் சுற்றும் பந்தயத்தடத்துக்கு ஏற்றது. சூடேறிய பிறகு மணிக்கணக்கில் ஒரே சீராக உழைக்கும். சூடேறத்தான் நேரம் வேண்டும். அறுபது விநாடி ஓடிவிட்டு இருபது நிமிடம் வரிசையில் நிற்கும் விளையாட்டில் அந்த நேரத்தை யார் கொடுப்பது? ஏ052 நேர் எதிர். குளிர்ந்த டயராகவே முதல் ரன்னில் தரையைக் கவ்வும். நண்பர் ஒருவரின் மியாட்டாவில் அதை ஓட்டிப் பார்த்தபோது, அதற்குமுன் பிரேக் பிடித்த இடத்தில் நான் இன்னும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதன் சூடு எளிதில் தணிவதில்லை. ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டும்போது இடையில் தண்ணீர் தெளித்து அதை ஆற்றவேண்டியிருக்கிறது. அதன் தேய்மான வேகத்தையும் பார்த்தேன். எண்பது மணி நேர மலைச்சாலைக்கு அதை இரையாக்க மனம் வரவில்லை. கோப்பையையே குறியாக வைத்து, டயரை ஆட்டோகிராஸ் நாளன்று மட்டும் மாட்டுபவர்களுக்கு அது சரி.

பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொல்வது பாதி உண்மை. ஏ052-க்கு மிக அருகில் நிற்கிறது என்பதே பொருத்தம். காரோடு வந்த 205/45 ஆர்17 அளவிலேயே வாங்கினேன். முதல் ரன்னிலேயே உணர்ந்தது பிடிப்பைவிட ஸ்டீயரிங்கின் உடனடித்தன்மை. பக்கச்சுவர் விறைப்பானது, கை திரும்பியதும் மூக்கும் திரும்பிவிடுகிறது. கோன்களுக்கு இடையே இடம் வலமாக நெளியும் பகுதியில் நான் இதுவரை இழந்துகொண்டிருந்த நேரம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது ரன்னிலும் பிடிப்பு பெரிதாகத் தளரவில்லை; நான் தனியாக ஓட்டுபவன் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

காற்றழுத்தத்தில் சற்று மெனக்கெட வேண்டும். மாஸ்டா சாலைக்குச் சொல்வது நான்கிலும் 29 பிஎஸ்ஐ. அதே அழுத்தத்தில் ஆட்டோகிராஸ் ஓடினால் முன்டயரின் வெளி விளிம்பு மடங்கிப் பக்கச்சுவரே தரையில் உரசுகிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம்: தரையைத் தொடும் பள்ளமிட்ட பகுதியான ட்ரெட்டின் ஓரத்திலிருந்து பக்கச்சுவர்வரை சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டினால், எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. முன்னால் 33, பின்னால் 31 என்று வைத்தபோது என் காரில் கோடு சரியான இடத்தில் நின்றது. மாலையில் வீடு திரும்புமுன் மறக்காமல் குறைக்கவேண்டும். மறந்த ஒரு நாள் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு இணைப்பையும் என் முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது.

சாலையில் இந்த டயரோடு வாழ்வது எப்படி? இரைச்சல் அதிகம், கூரை திறந்த காரில் அது பொருட்டல்ல. சூடேறிய ரப்பர் பொடிக்கற்களை அள்ளி எடுத்து மட்கார்டின் உள்ளே எறிவதால், மலைப்பாதை ஓரத்தில் திரும்பி ஏறும்போது வாணலியில் கடுகு வெடிப்பதுபோல ஓர் ஓசை கேட்கும். உண்மையான கவலை மழையும் குளிரும்தான். சாதாரண டயரைவிட ட்ரெட் ஆழம் குறைவாக இருப்பதால், தேங்கிய நீரில் கார் மிதந்து வழுக்கும் வாய்ப்பு கூடுகிறது. தேயத் தேய அது இன்னும் கூடும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இவ்வகை ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும். ஜனவரி விடியலில் ஸ்கைலைனின் மரநிழலில் அந்த வெப்பநிலை அரிதல்ல. ஆகவே அந்த மாதங்களில் வெயில் ஏறிய பிறகே கிளம்புகிறேன், மழை நாளில் காரை எடுப்பதே இல்லை. உறைபனி விழும் ஊர்களில் இருப்போர் குளிர்காலத்தில் இதை மாட்டியே வைக்கக்கூடாது.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள தேதிக் குறியீட்டைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். முதலில் நான் பேசிய கடைக்காரர் நல்ல தள்ளுபடி தருவதாகச் சொல்லி நான்கு டயர்களை வரவழைத்தார். ரிம்மில் ஏற்றுமுன் குனிந்து பார்த்தால், அவற்றில் இரண்டு ஏறக்குறைய நான்கு வயதானவை. “போட்டு ஓட்டினால் வித்தியாசம் தெரியாது சார்” என்றார். நாள்பட ரப்பர் இறுகும். மென்மைக்காகவே கூடுதல் விலை கொடுக்கும் பொருளில் அதை எப்படி விட்டுக்கொடுப்பது? வேண்டாமென்று சொல்லிவிட்டு வேறு கடையில் முழு விலைக்கே வாங்கினேன்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டோகிராஸ் மட்டும் ஓடுபவருக்கோ, மழையிலும் காரை எடுத்தாகவேண்டியவருக்கோ நான் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02-ஐயே சொல்வேன். புதிதாக ஓட்டக் கற்பவருக்கும் அதுவே மேல்; பிடிப்பு மெல்ல மெல்ல விடுவதால் தவறு செய்யும்போது முன்கூட்டியே சொல்லிவிடும், கிறீச்சென்ற சத்தத்தோடு. ஆர்இ-71ஆர்எஸ் அவ்வளவு பேசுவதில்லை. என் செட்டில் முன்டயர்களின் வெளி விளிம்பு இப்போது மற்ற பகுதியைவிடத் தெளிவாகத் தேய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் அலைன்மென்ட் கடையில் முன்சக்கரக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி பக்கவாட்டில் சாயும் கோணத்தை, காரின் அமைப்பு அனுமதிக்கும் எல்லைவரை உள்சாய்க்கச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு அக்டோபர் வரையாவது இந்தச் செட் தாங்கவேண்டும்.